இரவில் விசிலடிக்காதே: பூர்வகுடி எழுத்தாளர்களின் திகில் சிறுகதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பூர்வகுடி எழுத்தாளர்கள் கடந்த சில ஆண்டுகளாகத் திகில் கதைகளைக் கையில் எடுத்து, அந்த வகையையே புதிதாக்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கதைகளைப் படித்தவர்களும் படிக்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கதைகளின் முடிவை எங்கும் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

யாருடைய கதைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஐரோப்பியர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே வட அமெரிக்காவில் வாழ்ந்த மக்களின் வழிவந்தவர்கள் எழுதும் கதைகளை. அமெரிக்காவில் மட்டும் மத்திய அரசு அங்கீகரித்த பூர்வகுடி நாடுகள் 570-க்கு மேல் இருக்கின்றன. கனடாவில் முதல் குடிகள், இனுவிட், மெத்தீ என்று மூன்று பெரும் பிரிவுகள். முதல் குடிகளில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட சமூகங்கள். மொழி வேறு, நிலம் வேறு, வழிபாடு வேறு, பயமும் வேறு. அலாஸ்காவின் பனிக்கரையில் பிறந்த கதையையும் நியூ மெக்சிகோவின் பாறை நிலத்தில் பிறந்த கதையையும் ஒரே பெட்டியில் போட முடியாது.

அதனால் இவர்களைப் பற்றிப் பேசும்போது அவரவர் மக்களின் பெயரைச் சொல்வதுதான் முறை. ஸ்டீபன் கிரஹாம் ஜோன்ஸ் பிளாக்ஃபீட். செரி டிமலைன் மெத்தீ. வாப்கேஷிக் ரைஸ் அனிஷினாபே. டார்சி லிட்டில் பேட்ஜர் லிப்பான் அப்பாச்சி. நம் பழைய பாடப்புத்தகங்களில் இருந்த 'செவ்விந்தியர்' என்ற ஒற்றைப் பெயரை இனியாவது விட்டுவிடலாம்.

எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?

சந்தேகமே இல்லாமல் 'நெவர் விசில் அட் நைட்'. ஷேன் ஹாக், தியடோர் வான் ஆல்ஸ்ட் இருவரும் தொகுத்து 2023 செப்டம்பரில் வெளிவந்த புத்தகம். 26 எழுத்தாளர்கள், 26 கதைகள். முன்னுரை எழுதியவர் ஸ்டீபன் கிரஹாம் ஜோன்ஸ். இந்தத் துறையில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் பெயர் அவருடையது.

இந்தப் புத்தகம் ஏன் முக்கியம் என்றால், பூர்வகுடித் திகில் எழுத்து அதுவரை சிதறிக் கிடந்தது. ஒருவர் நாவல் எழுதுவார், இன்னொருவரின் கதை ஏதோ ஒரு சிற்றிதழில் வரும். ஒரு பெரிய பதிப்பகம் இருபத்தாறு பேரை ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தபோதுதான் இது தனி ஆட்களின் முயற்சி மட்டுமல்ல, ஒரு தலைமுறையின் எழுத்து என்பது வெளியில் தெரிந்தது.

அது என்ன தலைப்பு? இரவில் விசிலடித்தால் என்ன ஆகும்?

ஏதோ ஒன்று பதில் கொடுக்கும். பல பூர்வகுடி மக்களிடம் இந்த எச்சரிக்கை இருக்கிறது. ஹவாய் மக்கள், பண்டைய போர்வீரர்களின் ஆவிகள் இரவில் அணிவகுத்துப் போவதாகவும் விசில் அவர்களை அழைத்துவிடும் என்றும் சொல்கிறார்கள். மெக்சிகோவின் பூர்வகுடிகளிடம் அது லெச்சூசா, அதாவது ஆந்தை உருவம் எடுக்கும் சூனியக்காரி.

தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். ராத்திரியில் விசிலடித்தால் பாம்பு வரும் என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் நம் வீட்டு எச்சரிக்கையில் பாம்போடு கதை முடிந்துவிடுகிறது. அங்கே, இருட்டில் இருப்பதற்குக் காது உண்டு, நினைவு உண்டு, சில சமயம் அது நமக்குச் சொந்தமும்கூட. அந்த நினைவுதான் புத்தகம் முழுக்க ஓடுகிறது.

வழக்கமான ஹாலிவுட் பேய்க்கதையிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

பேய் யார் என்பதில்தான் வேறுபாடு.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அமெரிக்கத் திகில் கதைகளில் ஒரு சூத்திரம் இருந்தது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று ஊர்ப்புறத்தில் புது வீட்டுக்குக் குடிவரும். விபரீதங்கள் நடக்கும். விசாரித்தால் அருகில் பூர்வகுடிகளின் பழைய இடுகாடு. 1983-இல் வந்த ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி'யில் அது மிக்மாக் மக்களின் புதைகுழி நிலம். இதே அச்சில் எத்தனையோ புத்தகங்களும் படங்களும் வந்தன.

இந்தச் சூத்திரத்தில் பூர்வகுடிகளுக்குக் கிடைக்கும் ஒரே வேடம் பிணம். மண்ணுக்குக் கீழே கிடந்து மேலே இருப்பவர்களைத் தொந்தரவு செய்வதுதான் அவர்கள் வேலை. நிலம் எப்படிக் கைமாறியது, அவ்வளவு பேர் எப்படிச் செத்தார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கதை கேட்காது. பயம் முழுக்க வீட்டை வாங்கியவனுக்கு, அனுதாபமும் அவனுக்கே.

இந்த எழுத்தாளர்கள் அந்தப் பேரப்பிள்ளைகள். அவர்கள் கதையில் பூர்வகுடிகள் உயிரோடு இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கடன் வைத்திருக்கிறார்கள், காதலிக்கிறார்கள், கடைசிவரை பிழைக்கவும் பார்க்கிறார்கள். வாசலில் வந்து நிற்கும் பயங்கரம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. டி.எச். ட்ருஹியோ எழுதிய கதையில் ஒரு பூர்வகுடி இளைஞனும் அவனுடைய உறவுக்காரப் பெண்ணும் அவளுடைய வெள்ளைக்காரக் காதலனும் மலையேறப் போகிறார்கள். பாறையில் முன்னோர் செதுக்கிய உருவங்களைத் தொடாதே என்று சொன்னதைக் காதலன் கேட்பதில்லை. அப்புறம் அவன் உடம்புக்கு நேர்வது வயிற்றைப் புரட்டும். ஆனால் அந்த மண்ணின் பையனுக்கு அந்தப் பாறைமேல் பயம் இல்லை. அவன் பயமெல்லாம் தன்னோடு வந்திருக்கும் அந்த மனிதன் அடுத்து என்ன செய்வானோ என்பதுதான்.

பேயே வராத கதைகளையும் திகில் என்று சேர்த்திருக்கிறார்களே?

சேர்த்தது சரிதான் என்பது என் உறுதியான எண்ணம். வரலாற்றை எடுத்துப் பாருங்கள்.

1879-இல் பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற இடத்தில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான அரசு உறைவிடப் பள்ளி தொடங்கியது. அதை நிறுவிய ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பிராட், அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று என்று 1892-இல் மேடையிலேயே பேசியவர். குழந்தைகளின் தலைமுடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். அமெரிக்க உள்துறை 2024-இல் வெளியிட்ட அறிக்கை இப்படிப்பட்ட 417 பள்ளிகளையும் அங்கே இறந்துபோன குறைந்தது 973 குழந்தைகளையும் கணக்கில் காட்டுகிறது. கனடாவில் ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் இப்படி வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டார்கள். அங்கே கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களில்தான்.

இப்படி ஒரு பள்ளியில் சிறுவயதில் பாதிரியாரால் சீரழிக்கப்பட்டவன் முதுமையில் அந்த ஆளைத் தேடிக் கிளம்புகிறான் என்று டேவிட் ஹெஸ்கா வான்ப்ளி வைடன் ஒரு கதை எழுதியிருக்கிறார். பெயர் 'சண்டேஸ்'. அமானுஷ்யம் ஒரு துளிகூட இல்லை. படித்து முடித்தபின் விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

மார்சி ரெண்டனின் 'விங்லெஸ்' வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளின் கதை. இதற்கும் பின்னணி உண்டு. பூர்வகுடிக் குழந்தைகளில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்றுவரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தார்கள் என்று தெரியவந்த பிறகுதான் 1978-இல் அமெரிக்கா அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தையும் நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2023-இல் அதைக் காப்பாற்றியது.

ரெபெக்கா ரோன்ஹார்ஸின் 'ஒயிட் ஹில்ஸ்' கதையில் பணக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி கர்ப்பமாக இருக்கிறாள். தன் உடம்பில் கொஞ்சம் பூர்வகுடி ரத்தம் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறாள். மாமியார் அன்பாகச் சிரித்தபடி ஏற்பாடுகளைத் தொடங்குகிறார். மிகைப்படுத்தல் என்று தோன்றினால், 1976-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் கொடுத்த அறிக்கையைப் பார்க்க வேண்டும். பூர்வகுடிகளுக்கான அரசு மருத்துவச் சேவையின் பன்னிரண்டு மண்டலங்களில் நான்கை மட்டும் ஆராய்ந்து, 1973 முதல் 1976 வரை 3,406 கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்ததாகச் சொன்னது அது. ஒப்புதல் வாங்கிய முறையிலும் பெரிய குறைகளைக் கண்டது.

'ரத்த அளவு' என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

ஒருவர் உடம்பில் எத்தனை பங்கு பூர்வகுடி ரத்தம் என்று பின்னத்தில் கணக்கிடுவது. அரை, கால், அரைக்கால், வீசம் என்று போகும். முன்னோர்களில் எத்தனை பேர் பழைய பதிவேடுகளில் இருந்தார்கள் என்பதை வைத்துக் கணக்கு. 1934-இல் வந்த இந்தியர் மறுசீரமைப்புச் சட்டம் இந்த அளவுகோலுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. இன்றும் பல பூர்வகுடி அரசுகள் உறுப்பினர் தகுதியை இதை வைத்தே முடிவு செய்கின்றன. சில அரசுகள் வழிவந்தவர் என்ற ஒன்றையே போதும் என்கின்றன.

இதன் கொடூரம் கணக்கிலேயே இருக்கிறது. வெளியில் கல்யாணம் நடக்க நடக்கப் பின்னம் சிறுத்துக்கொண்டே வரும். ஒரு நாள் தகுதிக்கோட்டுக்குக் கீழே போய்விடும். ஒரு துப்பாக்கிச் சத்தமும் இல்லாமல், காகிதத்தில் ஒரு இனம் முடிந்துபோகும்.

டூனிகா-பிலாக்ஸி எழுத்தாளரான நிக் மெடினா இதை 'குவாண்டம்' என்ற கதையில் ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார். ஒரு தாய்க்கு இரண்டு மகன்கள். ஒருவனுக்குத் தேவையான ரத்த அளவு இருக்கிறது, அவனுக்கு உறுப்பினர் தகுதியும் அதோடு வரும் பணமும் உண்டு. இன்னொருவன் கோட்டுக்குக் கீழே. பெற்றவள் எந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறாள், எதை அழவிடுகிறாள் என்பதிலிருந்து கதை நகர்கிறது. தொகுப்பில் என்னை அதிகம் உலுக்கிய கதை இதுதான். அவளை வெறுக்கவும் முடியவில்லை. அரசாங்கம் போட்ட கணக்கு ஒரு தாயின் மடிவரை எப்படி வந்துசேர்கிறது என்பதை எந்தக் கட்டுரையும் இவ்வளவு நெருக்கமாகக் காட்டி நான் படித்ததில்லை.

தலைகளைச் சுவரில் மாட்டிவைக்கும் கதை வெறும் கற்பனைதானா?

ஆம்பர் பிளேசர்-வார்ட்ஸாலாவின் 'கலெக்ஷன்ஸ்' பற்றிய கேள்வி இது. மாணவி ஒருத்தி பேராசிரியர் வீட்டு விருந்துக்குப் போகிறாள். சுவரில் மனிதத் தலைகள். வந்திருக்கும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கையில் கோப்பையோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கற்பனைதான், ஆனால் தரையில் கால் ஊன்றிய கற்பனை. 1868-இல் அமெரிக்க ராணுவத்தின் தலைமை மருத்துவ அதிகாரி, பூர்வகுடிகளின் மண்டையோடுகளைச் சேகரித்து அனுப்பும்படி களத்தில் இருந்த மருத்துவர்களுக்கு உத்தரவிட்டார். போர்க்களங்களிலிருந்தும் புதைகுழிகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்குப் போயின. முன்னோர்களின் எலும்புகளைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் வந்தது 1990-இல். பல பல்கலைக்கழகங்கள் இன்னமும் முழுவதையும் திருப்பவில்லை. இதைத் தெரிந்துகொண்டு கதைக்குத் திரும்பினால், அந்த விருந்தில் ஒருவரும் அதிர்ச்சியடையாததுதான் மிக உண்மையான பகுதி என்று புரியும்.

விண்டிகோ என்றால் என்ன? மான்கொம்பு வைத்த பேய்தானே?

இணையத்தில் தேடினால் மான் மண்டையோடும் கொம்பும் வைத்த உருவம்தான் வரும். அது வெகுஜனப் படங்களும் விளையாட்டுகளும் பரப்பிய உருவம். அனிஷினாபே, கிரீ போன்ற மக்களின் மரபில் விண்டிகோவுக்குக் கொம்பு கிடையாது. அது பசி.

நீண்ட குளிர்காலம். வேட்டை இல்லை, சேமித்தது தீர்ந்துவிட்டது. அந்த நிலையில் மனித மாமிசம் தின்றவன் விண்டிகோ ஆகிறான். எலும்பின் மேல் தோல் ஒட்டிய உடம்பு, தன் உதட்டையே கடித்துத் தின்றுவிட்ட வாய், பனிக்கட்டியான நெஞ்சு. தின்னத் தின்ன உடம்பும் பெரிதாகும், கூடவே பசியும் வளரும். அதனால் அதற்கு ஒருநாளும் போதாது. பஞ்ச காலத்தில் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், பகிர்ந்து உண்ண வேண்டும் என்ற ஒழுக்கத்தைக் காவல் காத்த கதை இது.

இந்த உருவம் இன்றைய எழுத்தாளர்களுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஜாக் ஃபோர்ப்ஸ் என்ற பூர்வகுடி அறிஞர் 1979-இல், காலனியாதிக்கமே அந்தத் தின்னும் நோய்தான் என்று ஒரு புத்தகம் எழுதினார். பிறர் உயிரைத் தன் லாபத்துக்காகத் தின்பவன் பல்லால் தின்றால் என்ன, சுரங்கத்தாலும் வேலியாலும் தின்றால் என்ன என்பது அவர் வாதம். அனிஷினாபே எழுத்தாளர் பேசில் ஜான்ஸ்டன் காட்டை மொட்டையடிக்கும் பெருநிறுவனங்களை இன்றைய விண்டிகோக்கள் என்றார். கதைகள் இந்த எண்ணத்தை உள்வாங்கிக்கொண்டன. 'நெவர் விசில் அட் நைட்' தொகுப்பில் ஃபீனிக்ஸ் பூட்ரோ எழுதிய 'ஹங்கர்' கதையைச் சொல்வதே அந்தப் பசிதான். அது தனக்கு ஒரு உடம்பைத் தேடிக் கல்லூரி வளாகத்துக்குள் வருகிறது. இரையின் பக்கம் நின்று பார்த்தே பழகிய நமக்கு இது புது அனுபவம்.

வாப்கேஷிக் ரைஸின் 2018 நாவலான 'மூன் ஆஃப் தி க்ரஸ்டட் ஸ்னோ'வில் விண்டிகோ நேரில் வந்து நிற்பதே இல்லை. வடக்கே ஒரு சின்ன ஊரில் மின்சாரம், தொலைபேசி எல்லாம் நின்றுபோகின்றன. பனி இறுகுகிறது. தெற்கிலிருந்து ஒரு அந்நியன் அடைக்கலம் கேட்டு வருகிறான். மரபு தெரிந்தவர்களுக்கு அவன் யார் என்று உடனே உறைத்துவிடும்.

சில பேய்களைப் பற்றிப் பேசவே மறுக்கிறார்கள். ஏன்?

சில கதைகள் எல்லாருக்குமானவை அல்ல. நவஹோ மக்களிடம் தோல்மாறிகள், அதாவது விலங்கு உருவம் எடுக்கும் சூனியக்காரர்கள் பற்றி வெளியாரிடம் பேசுவது கூடாத காரியம். அது அவர்களுக்குப் பொழுதுபோக்குப் புராணம் இல்லை, இன்றும் ஆபத்தானது. 2016-இல் ஹாரி பாட்டர் உலகத்தின் ஒரு பகுதியாக ஜே.கே. ரௌலிங் இதை எடுத்துப் பயன்படுத்தியபோது பூர்வகுடிகளிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. பூர்வகுடி எழுத்தாளர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. ரோன்ஹார்ஸ் 2018-இல் நவஹோ தொன்மங்களை வைத்து ஒரு நாவல் எழுதினார். அவர் அந்த மக்களில் பிறந்தவர் அல்ல. நவஹோ எழுத்தாளர்கள் குழு ஒன்று அதே ஆண்டு அவரை வெளிப்படையாக விமர்சித்துக் கடிதம் எழுதியது.

கனடாவின் மேற்குக் கரையைச் சேர்ந்த ஈடன் ராபின்சன், தன் ஹைஸ்லா மக்களிடம் சில கதைகள் குடும்பங்களின் உடைமை என்றும் அவற்றை அச்சில் கொண்டுவர அனுமதி வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு 'ட்ராப்லைன்ஸ்' 1996-இல் வந்தது. அதில் ஒரு கதை தொடர்கொலை செய்த தாயின் மகளைப் பற்றியது. தொன்மம் எதையும் தொடாமலே அவ்வளவு இருட்டை அவரால் எழுத முடிகிறது.

வாசகராக நாம் செய்ய வேண்டியது எளிது. கதையில் ஒரு உருவத்துக்குப் பெயர் சொல்லாமல் விட்டிருந்தால் இணையத்தில் தேடிப் பெயர் வைக்க வேண்டாம். எழுத்தாளர் யோசித்துத்தான் கதவைச் சாத்தியிருக்கிறார்.

நாவலைவிடச் சிறுகதை இவர்களுக்கு அதிகம் பொருந்துகிறதா?

எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நவஹோ உட்படப் பல பூர்வகுடிகளிடம் சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்ல வேண்டும் என்ற வழக்கம் உண்டு. வெளியே பனி, உள்ளே நெருப்பு, சுற்றிச் சொந்தக்காரர்கள். ஒரே அமர்வில் கேட்டு முடிக்கும் கதைகள் அவை. கதையின் பொருளைக் கேட்பவரே தேடிக்கொள்ள வேண்டும், சொல்பவர் விளக்க மாட்டார். சிறுகதையின் அளவும் அடக்கமும் இந்தப் பழக்கத்துக்கு இயல்பாக வசப்படுகின்றன.

பல கதைகள் சட்டென்று நின்றுவிடுவதாகச் சிலர் குறைப்படுகிறார்கள். வழக்கமான திகில் கதையில் கடைசியில் பேயை விரட்டி ஊரைச் சுத்தம் செய்வார்கள். வாசகர் நிம்மதியாகத் தூங்கலாம். இங்கே எதை விரட்டுவது? நிலம் திரும்பி வரவில்லை. பள்ளிக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. நிம்மதியைக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும் என்று எழுத்தாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சிரிப்பே வராதா?

நிறைய வரும். 'நெவர் விசில் அட் நைட்' தொகுப்பில் ரிச்சர்ட் வான் கேம்ப் எழுதிய கதையில், பேய்க்கதை சொல்லும் போட்டியில் ஜெயிக்க ஆசைப்படுகிறவன் பயங்கரமான கதை ஒன்று கேட்டுப் பெரியவர் ஒருவரிடம் போகிறான். அந்தப் பேச்சின் சுவையே தனி. செத்த வீட்டிலும் கேலி பேசத் தெரிந்த மக்கள் இவர்கள். அந்தக் கேலி நமக்கு அந்நியமாகவே இருக்காது.

பனிப்பிரதேசத்துக் கதைகள் வேண்டும் என்றால்?

'டாக்டுமி'. கனடாவின் வடக்கே உள்ள நுனாவுட்டின் தலைநகரான இக்காலுயிட்டில் இயங்கும் இன்ஹாபிட் மீடியா 2019-இல் வெளியிட்ட ஆர்க்டிக் திகில் தொகுப்பு. இனுக்டிடுட் மொழியில் அந்தப் பெயருக்கு 'இருட்டில்' என்று அர்த்தம். எழுதியவர்கள் எல்லாரும் இனுவிட் இல்லை, வடக்கைத் தெரிந்தவர்கள். முதல் கதை அவியாக் ஜான்ஸ்டனுடையது. பனிப்புயல் வருகிறது என்று பள்ளியிலிருந்து பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறார்கள். லீவு கிடைத்த சந்தோஷத்தில் ஒரு பிள்ளை தனியாக வீட்டுக்கு நடக்கிறது. புயலுக்குள் ஏதோ இருக்கிறது. அவ்வளவுதான் கதை, அதற்குமேல் தேவையும் இல்லை.

எல்லாக் கதைகளும் நன்றாக இருக்கின்றனவா?

இல்லை. 26 பேர் எழுதினால் ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்யும். சில கதைகளில் வில்லன் வாயைத் திறந்ததுமே வில்லன் என்று தெரிந்துவிடுகிறது. அப்படிப்பட்டவன் செத்தால் வாசகருக்குத் திருப்தி வரும், பயம் வராது. 'குவாண்டம்' போன்ற கதைகள் உயர்ந்து நிற்பதற்குக் காரணம், காயம்பட்டவர்களே இன்னொருவரைக் காயப்படுத்துவதை ஒளிக்காமல் எழுதுவது. தன் மக்களை அப்படியே புனிதர்களாக்காமல் எழுதத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் உள்ளவர்களைத் தேடிப் படிக்கச் சொல்வேன்.

மனம் தாங்குமா? யார் தவிர்க்கலாம்?

குழந்தைகள் மீதான வன்முறை, பாலியல் கொடுமை, கருக்கலைப்புக்கான கட்டாயம், தற்கொலை நினைவுகள், உடல் சிதைவு எல்லாம் வருகின்றன. இவற்றில் ஏதாவது உங்களுக்குச் சொந்த வலியாக இருந்தால் 'சண்டேஸ்', 'விங்லெஸ்', 'ஒயிட் ஹில்ஸ்' மூன்றையும் தள்ளிவைக்கலாம். பதின்வயதினருக்கு முழுத் தொகுப்பையும் கொடுக்க மாட்டேன். டார்சி லிட்டில் பேட்ஜர் இளையோருக்காகத் தனியே நாவல்கள் எழுதியிருக்கிறார், அவர்களுக்கு அவை பொருத்தம்.

சினிமாவில் இப்படி ஏதாவது உண்டா?

மிக்மாக் இயக்குநர் ஜெஃப் பார்னபியின் இரண்டு படங்களைப் பாருங்கள். 2013-இல் வந்த 'ரைம்ஸ் ஃபார் யங் கூல்ஸ்' உறைவிடப் பள்ளி பற்றியது. 2019-இல் வந்த 'பிளட் குவாண்டம்' படத்தில் உலகமே ஜோம்பிகளால் அழிகிறது, பூர்வகுடிகளை மட்டும் அந்த நோய் பிடிப்பதில்லை. அடைக்கலம் தேடி வரும் வெள்ளைக்காரர்களை உள்ளே விடுவதா என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும். பார்னபி 2022-இல், 46 வயதில் இறந்துபோனது பெரிய இழப்பு.

இந்தியாவில் ஆதிவாசி எழுத்தாளர்கள் இப்படி எழுதுகிறார்களா?

இதே வகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜார்க்கண்டின் சந்தால் எழுத்தாளர் ஹான்ஸ்தா சௌவேந்திர சேகர் ஆங்கிலத்தில் எழுதியவற்றைக் கட்டாயம் படிக்க வேண்டும். 2014-இல் வந்த அவருடைய முதல் நாவலில் சூனியம் ஒரு குடும்பத்தைத் தின்கிறது. அதை ஊரின் அன்றாட விஷயமாகவே எழுதிப் போகிறார். அந்த நாவலுக்கு 2015-இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் கிடைத்தது. அவருடைய சிறுகதைத் தொகுப்பை ஜார்க்கண்ட் அரசு 2017-இல் சில மாதங்கள் தடைசெய்திருந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் கதைகள் அதில் உண்டு.

முதல்முறை படிக்கிறேன். எந்த வரிசையில் போகலாம்?

முதலில் காசு செலவில்லாமல் ஒன்று. ரோன்ஹார்ஸின் 'வெல்கம் டு யுவர் ஆதென்டிக் இந்தியன் எக்ஸ்பீரியன்ஸ்' 2017-இல் ஏபெக்ஸ் இதழில் வந்தது, இணையத்தில் படிக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்குக் கணினி மாய உலகத்தில் 'அசல் இந்திய அனுபவம்' விற்கும் ஒருவனின் வாழ்க்கையை இன்னொருவன் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறான். அடுத்த ஆண்டு ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளையும் வாங்கிய கதை. ஆங்கிலமும் கடினமில்லை.

அது பிடித்திருந்தால் 'நெவர் விசில் அட் நைட்' வாங்குங்கள். வரிசையாகப் போக வேண்டாம். மதில்டா ஜெல்லரின் 'குஷ்டுகா'வில் தொடங்குங்கள். அலாஸ்காவில் நடக்கும் அந்த முதல் கதையில் பழைய மரபுப் பேயும் புதுப் பணக்காரனும் ஒரே இரவில் சந்திக்கிறார்கள். அடுத்து 'ஹங்கர்', அப்புறம் 'கலெக்ஷன்ஸ்', பிறகு 'குவாண்டம்'. இந்த நான்குக்குப் பிறகு உங்கள் ருசி உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு கதைக்கு மேல் படிக்க வேண்டாம், ஒன்றின் பாரம் இறங்குவதற்குள் அடுத்ததைத் தொட்டால் இரண்டுமே கலங்கிவிடும்.

நாவலுக்குப் போக விரும்பினால் ரைஸின் பனிக்கதை முதலில். அது சிறியது. கடைசியாக ஜோன்ஸின் 'தி பஃபலோ ஹன்டர் ஹன்டர்'. 2025-இல் வந்த இந்த நாவலில் ஒரு பிளாக்ஃபீட் ரத்தக்காட்டேரி, 1912-இல் மொன்டானாவில் ஒரு பாதிரியாரிடம் தன் கதையைச் சொல்கிறான். 1870 ஜனவரி 23-ஆம் தேதி மரியாஸ் ஆற்றங்கரையில் அமெரிக்க ராணுவம் ஏறத்தாழ 200 பிளாக்ஃபீட் மக்களைக் கொன்ற சம்பவம் அதன் மையத்தில் இருக்கிறது. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்த நாளைப் பற்றி ஒரு பக்கமாவது வாசித்துவிட்டு நாவலைத் திறங்கள். ஜோன்ஸ் அதை விளக்குவதற்காக எங்கும் நிற்க மாட்டார்.